நவம்பர் முதல் நாளும் செங்கோட்டை எல்லையும்

(தென்காசி வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் குற்றாலத்தில் கூடிய கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் தேதிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில தேதிகளில், வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதைக் காணலாம். நவம்பர் முதல் நாள் அத்தகையது. அது நமக்குப் பிசான நடவுக்குரிய காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, குளத்தில் நீர் சேருகிறதா என்று அன்றாடம் கரைக்குச் சென்று பார்க்கும் காலம். வேலை மிகுந்த அந்நாளில் பழைய வரலாற்றை நினைக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்கலாம். எனினும், நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்தின் எல்லையும், இங்குள்ள நிலங்களின் கணக்கும் அந்த ஒரு தேதியோடு நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே 1858, 1954, 1956, 2022 ஆகிய நான்கு ஆண்டுகளில் அதே தேதியில் நிகழ்ந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எல்லை உறுதிப்பட்ட நாள்

முதலில் நம் வட்டாரத்தின் அமைப்பைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். தென்காசியிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சென்றால் செங்கோட்டை. அதற்கப்பால் புளியரை, பின்னர் மலை ஏற்றம், மலைக்கு அப்புறம் ஆரியங்காவு. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாயின் வழியே புகுந்து இப்பக்கம் சாரலாக இறங்குகிறது. குற்றால மலையில் தோன்றி அருவியாக வீழும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து சென்று சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மலைமுகட்டுக்குக் கிழக்கே விழும் நீர் இவ்வாறு நம் வயல்களுக்கு வருகிறது. மேற்கே விழும் நீர் கல்லடையாற்றின் வழியே கொல்லத்துப் பக்கம் செல்கிறது. இயற்கை வகுத்த எல்லை இதுவே.

ஆனால் அரசியல் எல்லை நெடுங்காலம் வேறு விதமாக இருந்தது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. அச்சீமை 1801-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேர் ஆட்சிக்கு வந்தது. மலைக்கு இப்பக்கமே இருந்த செங்கோட்டையோ திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. திருவிதாங்கூரும் கம்பெனியும் 1795-இலும் 1805-இலும் உடன்படிக்கைகள் செய்துகொண்டன.

1857-ஆம் ஆண்டில் வட இந்தியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதன் விளைவாகக் கம்பெனியின் ஆட்சி நீக்கப்பட்டு, இந்திய ஆட்சி இங்கிலாந்தின் முடியரசுக்கு நேரே மாற்றப்பட்டது. 1858-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அலகாபாத்தில் கானிங் பிரபு விக்டோரியா அரசியாரின் பிரகடனத்தைப் படித்தார். இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு, நாட்டின் பல பாகங்களிலும் அது படிக்கப்பட்டது. சுதேச மன்னர்களோடு கம்பெனி செய்துகொண்ட உடன்படிக்கைகளை அரசியார் ஏற்றுக் காப்பார் என்றும், இருக்கும் நாட்டெல்லையை மேலும் விரிக்க விருப்பமில்லை என்றும் அதில் உறுதி கூறப்பட்டது. இதன்படி திருவிதாங்கூர் தனி நாடாகவே நிலைத்தது. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே இருந்த கோடும் நிலைத்தது.

அந்தக் கோடு தங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று எந்தக் கிராமத்தாரையும் யாரும் கேட்கவில்லை. அக்காலத்து ஆட்சிமுறை அது. மேலிருந்து படித்தார்கள், கீழிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

கோட்டின் இருபுறமும் தமிழ் பேசும் மக்களே பெரும்பான்மையோர். கொண்டான் கொடுத்தான் உறவும், கோயிலும், சந்தையும் இருபுறத்துக்கும் பொதுவாக இருந்தன. ஆயினும் கச்சேரி வேறு. இப்பக்கம் கிராமம் என்று வழங்கியதை அப்பக்கம் 'பகுதி' என்று வழங்கினார்கள். இப்பக்கம் பட்டா எண், அப்பக்கம் தண்டப்பேர். இப்பக்கத்தார் வழக்குக்கும் வரிக்கும் திருநெல்வேலியை நோக்கினார்கள். செங்கோட்டையார் மலையைக் கடந்து கொல்லத்தையும் திருவனந்தபுரத்தையும் நோக்க வேண்டியிருந்தது. மனத்தளவில் அந்தக் கோடு பெரிதாக நிற்கவில்லை என்பதற்கு வாஞ்சிநாதனே சான்று. செங்கோட்டையில் பிறந்த அவர், 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். எனினும், காகிதத்தில் அந்தக் கோடு சுதந்திரத்துக்குப் பின்னரும் இருந்துவந்தது.

உள்ளூர்ப் பிரதிநிதிகள் முடிவு செய்த நாள்

அடுத்து 1954. இந்தச் செய்தி நம் வட்டாரத்துக்கு வெளியே நிகழ்ந்தது. ஆயினும் உள்ளாட்சி உறுப்பினர்களாகிய உங்களுக்கு இது மிகவும் உரியது.

நாடு 1947-இல் விடுதலை பெற்ற பின்னரும் புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் ஆகிய இடங்கள் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தன. இவ்விடங்களின் எதிர்காலத்தை எவ்வாறு முடிவு செய்வது என்ற கேள்வி ஏழாண்டுக் காலம் இழுபட்டது. இறுதியாக, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபைப் பிரதிநிதிகளும் நகராட்சி உறுப்பினர்களும் கூடி வாக்களிப்பது என்று இரு நாடுகளும் இணங்கின. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூர் என்னும் சிற்றூரில் 178 உறுப்பினர்கள் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 வாக்குகளும் எதிராக 8 வாக்குகளும் விழுந்தன. நவம்பர் முதல் நாளன்று ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசின் கைக்கு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டுவது ஒன்று. அதே 1954 நவம்பர் முதல் நாளில், அதே பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா நாட்டு மக்கள் ஆயுதப் போரைத் தொடங்கினார்கள். அந்தப் போர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நீடித்தது. இலட்சக்கணக்கான உயிர்கள் மாண்டன. 1962-இல்தான் அந்நாடு விடுதலை பெற்றது. இரு நாடுகளின் நிலைமைகளும் வேறு என்பது உண்மையே. ஆயினும், ஊர்ப் பிரதிநிதிகள் ஓரிடத்தில் அமர்ந்து வாக்களித்து முடித்துக்கொள்ள வழி திறந்திருப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே தேதியில் நமக்கு உணர்த்துகின்றன.

மற்றொன்றும் உண்டு. ஆட்சிப் பொறுப்பு ஒரு நாளில் மாறியதேயன்றி, சட்டப்படியான உரிமை மாற்றம் அன்றே நிறைவேறவில்லை. அதற்கான உடன்படிக்கை 1956 மே மாதத்தில் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. நாள் ஒன்று, அதனைச் சட்டத்தில் ஏற்றுவதற்கு ஆன காலமோ எட்டு ஆண்டுகள். இதனை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

எல்லை அகன்ற நாள்

திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை இராச்சியத்தோடு சேர்க்க வேண்டும் என்பது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை. நேசமணி அவர்கள் அந்த இயக்கத்தின் தலைவர்களுள் முதன்மையானவர். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, செங்கோட்டை, சித்தூர் என்னும் ஒன்பது தாலுகாக்களை அவர்கள் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். இந்த எல்லை மாற்றத்துக்குக் கொடுத்த விலையில் அந்த உயிர்களும் அடங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

மறுபக்கத்தாரின் கவலையையும் நாம் நியாயத்தோடு நினைக்க வேண்டும். திருவிதாங்கூரில் அரிசி பற்றாக்குறை. நாஞ்சில் நாடு அதன் நெற்களஞ்சியம். விளைநிலம் கையைவிட்டுப் போவதை எந்த அரசும் எளிதில் ஒப்பாது. ஆகவேதான் இந்த வழக்கு இரு தரப்பிலும் அவ்வளவு உணர்ச்சியோடு நடைபெற்றது.

பசல் அலி அவர்களின் தலைமையில் அமைந்த இராச்சியங்கள் சீரமைப்புக் கமிஷன் 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்கலாம் என்றும், தேவிகுளம், பீர்மேடு முதலியவற்றைச் சேர்ப்பதற்கில்லை என்றும் அது முடிவு கூறியது. இதன்பின் இயற்றப்பட்ட சட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கேரளம் அன்று பிறந்தது. ஆந்திரப் பிரதேசம் பிறந்தது. மைசூர் இராச்சியம் விரிந்தது. இந்தியா முழுவதும் 14 இராச்சியங்களாகவும் 6 மத்திய ஆட்சிப் பகுதிகளாகவும் வகுக்கப்பட்டது. தெற்கே நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. மலைக்கு மேற்கே ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. இவ்வாறு அரசியல் எல்லையும் நீர் பிரியும் மலையை ஒட்டி ஏறக்குறைய அமைந்தது.

1858 நவம்பர் முதல் நாளில் உறுதி செய்யப்பட்ட கோடு, சரியாக 98 ஆண்டுகளுக்குப் பின், 1956 நவம்பர் முதல் நாளில் நீக்கப்பட்டது என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் அன்று அது. ஆயினும் இரண்டு நாட்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முதல் நாளில் அரசியாரின் வாக்குப் படிக்கப்பட்டது. பின்னைய நாளில், மக்கள் கேட்டு, வாதாடி, உயிரும் கொடுத்து, அவர்கள் தேர்ந்தெடுத்தோர் அமர்ந்த பாராளுமன்றம் இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

எனினும், அன்று மாலையே செங்கோட்டை உழவரின் கணக்குகள் யாவும் மாறிவிடவில்லை. இதுவே நாம் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்தி. நிலம் சென்னை இராச்சியத்தில். நிலத்தைப் பற்றிய சட்டங்களோ இன்னும் திருவிதாங்கூர்ச் சட்டங்கள். சென்னைச் சட்டங்களை மாற்றப்பட்ட பகுதிகளுக்கு நீட்டிப்பதற்கென்று 1957-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. அப்பகுதிகளின் நிலங்களை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவரும் சட்டம் 1964-ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. பயிரிடுவோர் 'ஜன்மி' என்னும் நிலவுடையாளருக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த 'ஜன்மிகரம்' என்ற கட்டணத்தை ஒழிக்கும் சட்டமும் அதே 1964-இல் வந்தது. எல்லை ஒரு நாளில் மாறியது. அதன் பலன் உழவரின் பட்டாவுக்கு வந்து சேர எட்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆயின. அந்த ஆண்டுகளில் தம் பழைய ஆவணங்களைப் பத்திரப்படுத்தி, அளவை நடந்தபோது வயலில் நின்று எல்லையைக் காட்டியவர்களுக்குப் பின்னாளில் தொல்லை குறைவு. காகிதம் தானே நடக்கும் என்று வீட்டில் இருந்துவிட்டவர்களின் பிள்ளைகள் நீதிமன்றப் படி ஏறும்படி நேர்வது எங்கும் உள்ள அனுபவம்.

பின்னர் 2019 நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஒரு காலத்தில் கொல்லத்துக்கும், பின்னர் திருநெல்வேலிக்கும் சென்றுவந்த செங்கோட்டையாருக்கு மாவட்டத் தலைநகரம் இன்று 8 கிலோமீட்டரில் இருக்கிறது. கச்சேரி தொலைவு என்று இனி நாம் சொல்வதற்கில்லை. கேரளத்தோடு நமக்குள்ள உறவும் அற்றுவிடவில்லை. 1904-இல் அமைந்த கொல்லம்-செங்கோட்டை ரயில் பாதை அகலப் பாதையாக்கப்பட்டு, 2018 முதல் மீண்டும் இயங்குகிறது. நம் காய்கறிகள் புளியரை வழியே நாள்தோறும் அப்பக்கம் செல்கின்றன. எல்லை என்பது நிர்வாகத்துக்காகவே. வாணிகத்துக்கும் நட்புக்கும் அது தடையாக வேண்டியதில்லை.

கிராமமே பேசும் நாள்

நான்காவது ஆண்டு 2022. நவம்பர் முதல் நாளை உள்ளாட்சிகள் தினமாகக் கொண்டாடுவதென்றும், அன்று கிராம சபை கூடுவதென்றும் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு முடிவு செய்தது. முன்னர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை கூடிய கிராம சபை, மார்ச் 22 என்னும் உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதாயிற்று. விடுமுறை முதலியன குறுக்கிட்டால் அடுத்து அரசு குறிக்கும் நாளில் கூடுவதும் உண்டு.

கிராம சபை என்பது வெறும் கூட்டம் அன்று. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் ஏற்பது அதன் பொறுப்பு. தணிக்கை அறிக்கையை ஆராய்வதும், திட்டங்கள் நடைபெறும் விதத்தைப் பார்ப்பதும் அதன் பொறுப்பு. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கூடினால்தான் கூட்டம் செல்லும். கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது, 1858-க்குத் திரும்பிச் செல்வதாகும். யாரோ படிக்க, யாரோ கேட்டுக்கொண்டதாகக் கணக்கெழுதும் முறை அது.

இனி, நாம் செய்யக்கூடியவை என்ன? மூன்று செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, தீர்மானத்தைத் தெளிவாக எழுதுதல். 'குளத்தைச் சீர்செய்ய வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அதனைப் பெறும் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. எந்தக் குளம், எந்த சர்வே எண், மடை பழுதா, கரை பழுதா, கலுங்கு பழுதா, எத்தனை ஏக்கர் பாசனம் பாதிக்கப்படுகிறது என்று எழுத வேண்டும். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடைய குளங்கள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. பெரிய குளங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்து எழுதினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது, நவம்பரையும் மார்ச்சையும் இணைத்தல். நவம்பர் முதல் நாளில் குளத்தில் நீர் வந்துகொண்டிருக்கும். எங்கே கசிகிறது, எந்தக் கால்வாயில் அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் அப்போது மண்வேலை செய்ய இயலாது. பிசான அறுவடை முடிந்து மார்ச் 22 வரும்போது குளங்களில் நீர் வற்றத் தொடங்கியிருக்கும். வேலைக்கு உகந்த காலம் நெருங்கும். ஆகவே நவம்பரில் குறையைப் பதிவு செய்து, இடையில் மதிப்பீடும் அனுமதியும் பெற்று, மார்ச்சில் வேலையைத் தொடங்கும்படி கேட்பது சிறந்த முறை. ஜூனில் சாரல் இறங்கிக் கார் சாகுபடி தொடங்கும் முன்னர் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, முந்தைய தீர்மானத்தைத் திரும்பப் படித்தல். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாகச் சென்ற கூட்டத்தின் தீர்மானங்களைப் படித்து, எது நிறைவேறிற்று, எது நிற்கிறது, எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். படிக்கும்படி கேட்பது உறுப்பினருக்கு மட்டுமன்றிக் கூட்டத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் உரிமை. தாய்மார்கள் இதைக் கேட்டால் இன்னும் நல்லது. குடிநீர்க் குழாய் எத்தனை நாள் வரவில்லை என்பது அவர்களுக்கே நன்கு தெரியும். நிலப் பட்டாவில் பெயர்ப் பிழையோ அளவுப் பிழையோ உள்ளவர்கள், அதனைப் பிள்ளைகளின் தலையில் வைக்காமல், ஆவணங்களோடு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து இரசீதைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியோர்களே! புதுச்சேரிக்கு 1954-இலிருந்து 1962 வரையும், செங்கோட்டைக்கு 1956-இலிருந்து 1964 வரையும் ஆயிற்று. இரண்டு இடங்களிலும் எட்டு ஆண்டுகள். பெரிய முடிவுகளே அவ்வளவு காலம் பின்தொடரப்பட்டுத்தான் பலன் தந்தன என்றால், நம் ஊர்க் குளத்து மடைக்கு ஆறு மாதமோ ஓராண்டோ விடாமல் பின்தொடர்வது பெரிய காரியம் அன்று. வருகிற நவம்பர்க் கிராம சபைக்கு வரும்போது, சென்ற ஆண்டின் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.